குணமும் கூலியும்

மேசைப் பாத்திர விளையாட்டு என்பது, சிலர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு கற்பனை மாந்தரை ஏற்று, அந்த மாந்தர் என்ன செய்கிறார் என்பதை வாயால் சொல்லியும், முடிவு உறுதியில்லாத இடங்களில் பகடை உருட்டியும் ஒரு கதையைக் கூட்டாக நடத்திச் செல்லும் விளையாட்டு. அவர்களுள் ஒருவர் ஆட்டத்தை நடத்துபவராக இருந்து, கதை நிகழும் உலகத்தையும் அதில் வரும் பிற மாந்தரையும் பார்த்துக்கொள்வார். ஒவ்வொரு மாந்தரின் வலிமையும் திறனும் எண்களாக ஒரு தாளில் எழுதப்பட்டிருக்கும். ஆட்டம் மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் தொடரும்போது அந்த எண்கள் எதனால், எப்போது, எவ்வளவு மாறும் என்று வரையறுப்பவையே உயர்வு விதிகள். பொழுதுபோக்கு ஒன்றின் சிறு பகுதியாகத் தோன்றும் இவ்விதிகள், ஒரு மனிதர் எதனால் முன்பிருந்ததைவிட மேம்பட்டவர் ஆகிறார் என்ற மிகப் பழைய கேள்விக்குத் தவிர்க்கவே முடியாமல் ஒரு விடையைச் சொல்லிவிடுகின்றன. அறவியல் நூல் எழுதுபவர் சூழலைப் பொறுத்தது என்று சொல்லி நகர்ந்துவிடக்கூடிய இடத்தில், விதி எழுதுபவர் ஓர் எண்ணைப் போட்டாக வேண்டும். அந்த எண் அவருடைய மனிதக் கோட்பாட்டை வெளிப்படுத்திவிடும்.

இவ்வகை விளையாட்டுகளில் முதலில் அச்சேறியது, கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்ன்சனும் உருவாக்கி, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திலுள்ள லேக் ஜெனீவா ஊரிலிருந்து 1974-இல் வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’. அதன் படி என்ற கருத்து, மாந்தரின் உயர்வை ஒன்று, இரண்டு என்று எண்ணும் அளவை, ஒரு போர் விளையாட்டிலிருந்து வந்தது. 1971-இல் வெளியான ‘செயின்மெயில்’ என்ற பொம்மைப் படை விளையாட்டில், வீரநாயகன் எனப்படும் ஒருவன் நான்கு சிப்பாய்களுக்குச் சமம், பெருவீரநாயகன் எட்டுப் பேருக்குச் சமம் என்று கணக்கு வைக்கப்பட்டிருந்தது; புதிய விளையாட்டில் நான்காம் படிக்கும் எட்டாம் படிக்கும் அதே பெயர்கள் நிலைத்தன. ஆக, மேம்பட்ட மனிதர் என்ற கருத்து இங்கே தொடக்கத்திலேயே ஒருவருக்குள் எத்தனை பேர் அடங்கியிருக்கிறார்கள் என்ற கூட்டல் கணக்காக இருந்தது. அந்தப் படிகளில் ஏறுவதற்கான அனுபவப் புள்ளிகளும் கூட்டல் கணக்கே: நிலவறைகளிலிருந்து மீட்டுக்கொண்டு வரும் ஒவ்வொரு பொற்காசுக்கும் ஏறத்தாழ ஒரு புள்ளி வீதமும், வீழ்த்தும் அரக்கருக்கு ஒரு தொகையும் சேரும், போர்வீரர் இரண்டாம் படிக்கு ஏற 2,000 புள்ளிகளும், சமயகுரு 1,500 புள்ளிகளும், மந்திரவாதி 2,500 புள்ளிகளும் சேர்க்க வேண்டும்.

பொன்னுக்குப் புள்ளி என்ற விதியைப் பேராசையின் விதி என்று ஒதுக்குவது அதற்கு நியாயம் செய்வதாகாது. 1975-இல் வந்த ‘கிரேஹாக்’ இணைப்பு நூல் அரக்கரைக் கொல்வதற்கான புள்ளிகளைப் பெரிதும் குறைத்த பிறகு, சண்டையைத் தவிர்த்து, பேசியும் ஏமாற்றியும் ஒளிந்தும் பொருளைக் கொண்டுவந்தவரே விரைவாக உயர்ந்தார். விதி எதைப் போற்றுகிறதோ அதையே ஆடுபவர் செய்வர் என்பதை இத்தனை தெளிவாகக் காட்டிய விதி குறைவு. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. இந்த விதியின்படி அனுபவம் என்பது ஒருவர் ஈட்டிச் சேர்த்து வைத்திருக்கும் ஒரு செல்வம். அது எந்தச் செயலால் வந்தது என்ற தடம் அதில் இல்லை, பூட்டைத் திறந்து எடுத்த பொன்னால் வாள்வீச்சு கூர்மையாகிறது, எவரையும் ஏமாற்றாத குருவும் எல்லாரையும் ஏமாற்றிய குருவும் ஒரே அட்டவணையில் ஒரே வேகத்தில் ஏறுகிறார்கள். செல்வம் என்பதால் அதைப் பறிக்கவும் முடியும்: அதே 1974 விதிகளில், கல்லறையில் உலவும் சில பிணப்பேய்கள் தொட்டால் ஒரு படியும், இரத்தக் காட்டேரி தொட்டால் இரண்டு படிகளும் போய்விடும். ஆண்டுக்கணக்கில் வாள் பழகியவரிடமிருந்து அந்தப் பழக்கத்தை ஒரு தொடுகையால் எடுத்துவிடலாம் என்பது, பழக்கம் அவருடைய உடைமையே தவிர அவரே அல்லர் என்று கருதினால்தான் பொருந்தும்.

கைகாக்ஸ் இதை அறியாதவர் அல்லர். 1979-இல் வெளிவந்த ஆட்ட நடத்துநர் கையேட்டில், குருமார் மறைநூல் படித்தும் வழிபாடு செய்தும், மந்திரவாதிகள் ஏடுகளை ஆராய்ந்தும் உயர்வதே உண்மைக்கு நெருக்கமாக இருக்கும் என்பதை ஒப்புக்கொண்டு, அப்படி ஆடினால் ஆட்டம் சுவையாக இராது என்று அவர் விளக்கம் தந்தார். அதே நூலில், அடுத்த படிக்கான பயிற்சிக்குமுன் ஒவ்வொரு மாந்தரும் தம் தொழிலுக்கும் கொள்கைக்கும் ஏற்ப நடந்துகொண்டாரா என்று ஆட்டத்தை நடத்துபவர் நான்கு தரங்களில் மதிப்பிட வேண்டும் என்றும் விதித்தார். தரம் குறைந்தால் பயிற்சிக் காலம் ஒரு வாரத்திலிருந்து நான்கு வாரம்வரை நீளும், அதற்கேற்பச் செலவும் ஏறும். போரில் பின்வாங்கிய வீரருக்கும், உதவ மறுத்த குருவுக்கும் இதனால் நேர்வது ஓர் அபராதமே. அவர்கள் கோழையாகவோ கல்நெஞ்சராகவோ ஆனதாகத் தாளில் எங்கும் பதிவாகாது.

குணம் எப்படி உருவாகிறது என்பதைப் பற்றி அரிஸ்டாட்டில் ‘நிக்கோமாக்கஸ் அறவியல்’ நூலின் இரண்டாம் பகுதியில் சொல்வது இந்த இடத்தில் நேரடியாகப் பயன்படுகிறது. யாழ் வாசித்தே ஒருவர் யாழ்க்கலைஞர் ஆவதுபோல, நேர்மையான செயல்களைச் செய்தே ஒருவர் நேர்மையானவர் ஆகிறார் என்பதும், அவ்வாறு செய்து செய்து ஊறிப்போன நிலைபெற்ற குணப்பாங்கையே, அவர் மொழியில் ‘ஹெக்ஸிஸ்’ என்பதையே, நற்பண்பு என்று அழைக்க வேண்டும் என்பதும் அவருடைய கருத்து. ஆனால் கலைக்கும் பண்புக்கும் இடையே அவர் ஒரு வேறுபாட்டையும் வைக்கிறார். கலையில் விளைபொருள் நன்றாக இருந்தால் போதும். பண்பில் செயல் நன்றாக இருந்தால் மட்டும் போதாது, செய்பவர் அறிந்து செய்ய வேண்டும், அச்செயலை அதன் பொருட்டே தேர்ந்து செய்ய வேண்டும், எளிதில் அசையாத உறுதியான நிலையிலிருந்து செய்ய வேண்டும்.

இந்தக் கோட்பாட்டின் முதல் பாதியை விதியாக்கியது, ஸ்டீவ் பெரினும் அவருடன் சேர்ந்தோரும் எழுதி 1978-இல் கேயாசியம் நிறுவனம் வெளியிட்ட ‘ரூன்குவெஸ்ட்’. இதில் படிகளே கிடையாது. ஒவ்வொரு திறனும் தனித்தனி நூற்றுவீத எண்ணாக இருக்கும். நெருக்கடியான ஒரு தருணத்தில் ஒரு திறனைப் பயன்படுத்தி வென்றால் தாளில் அதற்கு நேராக ஒரு குறி இடப்படும். அந்தச் சாகசம் முடிந்து ஓய்வு கிடைக்கும்போது நூற்றுவீதப் பகடையை உருட்டி, இருக்கும் எண்ணைவிட மிகுதியாக விழுந்தால் திறன் 5 புள்ளி ஏறும். சிறு திருத்தங்களை விட்டுவிட்டுப் பார்த்தால், வாள்திறன் 40 உள்ளவர் உயர்வதற்கு 60 விழுக்காடு வாய்ப்பு, 85 உள்ளவருக்கு 15 விழுக்காடு மட்டுமே. கற்றுக்குட்டி வேகமாகவும் கைதேர்ந்தவர் மெதுவாகவும் வளர்வதும், செய்த செயலிலேயே திறன் வளர்வதும் இவ்வளவு சிக்கனமான ஒரு விதிக்குள் அடங்கியிருப்பது, விளையாட்டு வடிவமைப்பில் உண்மையான ஒரு கண்டுபிடிப்பு என்றே சொல்ல வேண்டும். ஆயினும் ஆடுபவர்கள் விரைவில் ஒரு வழி கண்டுகொண்டார்கள்: ஒரு திறனுக்கு ஒரு குறிதான் என்பதால், வாளால் ஒருமுறை வெட்டிக் குறி பெற்றதும் வாளைப் போட்டுவிட்டுக் கோடரியை எடுப்பது, பிறகு ஈட்டி, பிறகு தண்டாயுதம் என்று ஒரே சண்டையில் மாற்றிக்கொண்டே போவது. செயல் பழக்கமாகிறது என்று சொல்ல வந்த விதி, குறிக்காகச் செயல் என்று திரும்பிவிட்டது. மேலும், தவறாக வாசித்துப் பழகினால் மட்டமான யாழ்க்கலைஞர் ஆகவும் கூடும் என்று அரிஸ்டாட்டில் அதே இடத்தில் எச்சரிக்கிறார். ரூன்குவெஸ்டின் அம்பு மேல்நோக்கி மட்டுமே பாய்கிறது.

ரூன்குவெஸ்டின் கற்பனை உலகைப் படைத்த கிரெக் ஸ்டாஃபோர்ட், 1985-இல் ஆர்தர் மன்னரின் வீரர்களைப் பற்றி எழுதிய ‘பெண்ட்ராகன்’ என்ற விளையாட்டில் அந்தக் குறையை நேராக எதிர்கொண்டார். இங்கே குணங்கள் பதின்மூன்று இணைகளாக எழுதப்பட்டிருக்கும்: கருணை எதிர் கொடுமை, அடக்கம் எதிர் செருக்கு, மன்னிப்பு எதிர் வஞ்சம், வீரம் எதிர் கோழைமை என்பனபோல. ஓர் இணையின் இரு எண்களும் சேர்ந்து எப்போதும் 20. ஒன்று ஏறினால் மற்றது இறங்கியே தீரும். ஒரு வீரருக்குக் கருணை 10, கொடுமை 10 என்று வைத்துக்கொள்ளலாம். தோற்றுக் கீழே விழுந்த பகைவன் உயிர்ப்பிச்சை கேட்கிறான். இந்த நிலையில் வீரரின் மனம் இரு பக்கமும் சாயக்கூடியது என்பதால் ஆடுபவர் விரும்பியதைத் தேர்ந்துகொள்ளலாம். விட்டுவிட்டால், அச்செயல் கனமானது என்று ஆட்டத்தை நடத்துபவர் கருதும்பட்சத்தில் கருணைக்கு நேராகக் குறி விழுகிறது. ஆண்டின் சாகசங்கள் முடிந்து குளிர்காலம் வரும்போது, இருபது முகப் பகடையில் 10-ஐவிட மிகுதியாக விழுந்தால் கருணை 11, கொடுமை 9. இப்படிப் பல ஆண்டுகள் கழிந்து கருணை 16-ஐ எட்டும்போது ஆட்டத்தின் தன்மையே மாறுகிறது. அதன்பின், வஞ்சகன் என்று ஆடுபவருக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பகைவன் காலில் விழுந்தாலும், ஆட்டத்தை நடத்துபவர் பகடை உருட்டச் சொல்லலாம். 16-க்குள் விழுந்தால் வீரர் அவனை விட்டுவிடுகிறார், ஆடுபவர் வேண்டாம் என்று நினைத்தாலும்.

உயர்வு விதிகளின் வரலாற்றில் மெய்யியல் நோக்கில் மிக முக்கியமான இடம் இதுவே. மற்ற விளையாட்டுகளில் உயர்வு என்றால் செய்யக்கூடியவை பெருகுதல். இங்கே உயர்வு என்றால் ஒருவரால் செய்ய முடியாமற்போகிற சில செயல்களும் தோன்றுதல். நல்லவர் என்பவர் நன்மையையும் தீமையையும் ஒவ்வொரு முறையும் சமமாக எடைபோட்டு நன்மையைப் பொறுக்குபவர் அல்லர். சில கதவுகள் அவருக்குள் ஏற்கனவே அடைபட்டுவிட்டன. அரிஸ்டாட்டில் கேட்ட மூன்றாம் நிபந்தனை, அசையாத நிலையிலிருந்து செய்தல் என்பது, ஓர் எண்ணின் வடிவில் இங்கே தாளில் ஏறியிருக்கிறது. சமயத்துக்குச் சமயம் எவை நற்குணங்கள் என்ற பட்டியல் மாறும் என்றும் ஸ்டாஃபோர்ட் விதித்தார்: கிறித்தவ வீரருக்குக் குறையாகிய செருக்கு பழஞ்சமயத்து வீரருக்கு நிறை. குணத்தின் எண்ணை அதன் மதிப்பிலிருந்து பிரித்து வைத்தது மிகத் தெளிந்த ஒரு முடிவு. பெரும்பாலான விளையாட்டுகள் நன்மை என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டையும் போட்டுக் குழப்பிவிட்டன.

ஆனாலும் பெண்ட்ராகன் கூலியை முற்றிலும் கைவிடவில்லை. 16-ஐ எட்டிய குணங்கள் ஆண்டுதோறும் வீரருக்குப் புகழ்ப் புள்ளிகளைத் தருகின்றன. 1,000 புகழுக்கு ஒரு முறை, விரும்பிய ஓர் எண்ணை ஒன்று உயர்த்திக்கொள்ளலாம். எனவே புகழை எண்ணிக் கருணை காட்டும் ஆடுபவர் ஒருவர் எப்போதும் சாத்தியமே. இங்கே அரிஸ்டாட்டிலின் இரண்டாம் நிபந்தனை, செயலை அதன் பொருட்டே தேர்தல் என்பது, இருவரிடையே பிளவுபட்டு நிற்கிறது: மேசையில் இருக்கும் ஆடுபவர் புள்ளிக்காகத் தேர்கிறார், கதைக்குள் இருக்கும் வீரருக்கோ புள்ளி என்ற ஒன்றே தெரியாது. வீரர் கருணையுள்ளவர், ஆடுபவர் வணிகர் என்று சொல்லி இதை முடித்துவிடலாமா? முடியாது, ஏனெனில் வீரருக்கென்று தனி மனம் இல்லை, அவருடைய தேர்வுகள் அனைத்தும் ஆடுபவரின் தேர்வுகளே. தேர்ந்தவரின் நோக்கம் கூலியாக இருக்கும்போது, தாளில் ஏறும் எண் கருணையைக் குறிக்கவில்லை, கருணையின் விலையைக் குறிக்கிறது.

வெளியிலிருந்து வரும் கூலி உள்ளார்வத்தை அரிக்கும் என்பதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்டு நிஸ்பெட் ஆகியோர் 1973-இல் வெளியிட்ட ஆய்வில், வண்ணப் பேனாவால் படம் வரைவதில் இயல்பாகவே விருப்பமுள்ள மழலைப்பள்ளிக் குழந்தைகளில், வரைந்தால் பரிசுச் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொல்லப்பட்டவர்கள் பின்னர்த் தாமாக வரைவது குறைந்தது. எதிர்பாராமல் அதே பரிசைப் பெற்றவர்களிடம் அந்தக் குறைவு தோன்றவில்லை. பரிசைவிடப் பரிசின் ஒப்பந்தமே கெடுக்கிறது என்று இதைப் புரிந்துகொள்வது பொருத்தம். இதற்கு எதிராக அரிஸ்டாட்டிலையே துணைக்கு அழைக்கலாம்: அதே நூலின் இறுதிப் பகுதியில், இளையோரைச் சட்டத்தாலும் இன்ப துன்பத்தாலும் நெறிப்படுத்தியே நல்ல பழக்கத்துக்குள் கொண்டுவர வேண்டியிருக்கிறது, வாதம் மட்டும் பலரிடம் செல்லாது என்று அவர் ஒப்புக்கொள்கிறார். கூலிக்காகத் தொடங்கிய செயல் காலப்போக்கில் தன் பொருட்டே விரும்பப்படும் செயலாக மாறக்கூடும் என்பது உண்மை. ஆயினும் அப்படி மாறுவதற்குக் கூலி ஒரு கட்டத்தில் விலக வேண்டும். உயர்வு விதிகளில் கூலி விலகுவதில்லை, ஆட்டம் நீளநீளத் தொகைதான் பெருகுகிறது. ஆகவே குணத்தைப் பற்றி விதி எழுத விரும்புபவர், அதைப் பதிவு செய்யும் விதியை எழுத வேண்டும், அதற்குப் பணம் கொடுக்கும் விதியை அன்று. ஒரு விதி இவற்றுள் எது என்று அறிய ஒரு சோதனை உண்டு: அந்த எண் தனக்கு வேண்டாம் என்று ஆடுபவர் எப்போதாவது விரும்பக்கூடுமா என்று பார்க்கலாம். பொன்னால் வந்த புள்ளியை எவரும் மறுக்கமாட்டார். கருணை 16-ஐ மறுக்க விரும்பும் நாள் ஒவ்வொரு வீரருக்கும் வரும்.

பிற்கால முயற்சிகளில் இரண்டைச் சுருக்கமாகச் சொல்லலாம். லூக் கிரேன் 2002-இல் எழுதிய ‘பர்னிங் வீல்’, தோற்கும் வாய்ப்பு மிகுந்த கடினமான முயற்சிகளையும் செய்தால்தான் திறன் உயரும் என்று விதித்ததோடு, மாந்தரின் நம்பிக்கைகளைத் தாளில் எழுதவைத்து, அவற்றின்படி நடப்பதற்கும் அவை ஒன்றோடொன்று மோதி முறியும் தருணத்துக்கும் வெகுமதி தருகிறது. 2012-இல் வந்த ‘டஞ்சன் வேர்ல்ட்’ இரண்டு பகடையில் 6 அல்லது அதற்கும் குறைவாக விழுந்து தோற்கும் ஒவ்வொரு முறையும் ஓர் அனுபவப் புள்ளி கொடுக்கிறது. தோல்வியிலிருந்து கற்கிறோம் என்ற எண்ணம் நல்லதே. ஆனால் தோற்ற மறுகணமே கைக்கு வரும் புள்ளி கல்வியைவிட ஆறுதலுக்கே நெருக்கமானது.

சமயகுரு என்ற மாந்தர்வகை எழுப்பும் கேள்வி இன்னும் ஆழமானது. 1979 கையேட்டின்படி குருவின் உயர்ந்த மந்திரங்களைத் தெய்வத்தின் ஏவலரும், மிக உயர்ந்தவற்றைத் தெய்வமே நேரிலும் அளிக்கின்றனர். ஆனால் அவற்றைப் பெறும் தகுதியைக் குரு அட்டவணைப்படி புள்ளி சேர்த்தே அடைகிறார். கொடுப்பவர் விருப்பத்தால் வருவது அருள் என்றால், தவணை முடிந்ததும் வந்தே தீர்வது அருளாகுமா? ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெலாகியஸுக்கும் அகஸ்தீனுக்கும் இடையே எழுந்த பூசல் இதைப் பற்றியதே. மனிதர் தம் முயற்சியாலேயே நன்மையில் நிலைக்க முடியும் என்ற பெலாகியஸின் பக்கத்தை 418-இல் கார்த்தேஜில் கூடிய ஆயர் மன்றம் கண்டித்தது. தமிழ்ச் சைவ சித்தாந்தம் இதே முடிச்சை வேறு விதமாக அவிழ்க்கிறது: ஆணவ மலம் நீங்கும் பக்குவத்தை அடைதல் மலபரிபாகம், நல்வினை தீவினை இரண்டின் பயனையும் ஒன்றாகக் கருதும் மனநிலை இருவினையொப்பு, இவை கூடிய உயிரில் திருவருள் பதிவது சத்திநிபாதம். பக்குவம் அருளை விலைக்கு வாங்குவதில்லை, அருள் பதிய இடமாகிறது. இதில் வளர்ச்சி என்பது சேர்த்தல் அன்று, மறைப்பது விலகுதல். பௌத்தத்திலும் விடுதலையின் நான்கு படிநிலைகள் பத்துத் தளைகளில் எவை அறுந்தன என்பதைக் கொண்டே எண்ணப்படுகின்றன. விளையாட்டுகளில் குறைதலை விதியாக்கியவை உண்டு. சாண்டி பீட்டர்சனின் ‘கால் ஆஃப் கதுலு’, 1981-இல் வந்தது, மறைபொருளறிவு ஏற ஏற மனத்தெளிவின் உச்சவரம்பு அதே அளவு இறங்கும் என்று வைத்தது. ஆனால் அங்கே இழப்பு அழிவு மட்டுமே. இழப்பே விடுதலையாகும் உயர்வு விதியைப் புகழ்பெற்ற விளையாட்டுகளுள் எதுவும் மையமாகக் கொள்ளவில்லை என்பது வருந்தத்தக்கது.

புள்ளிகளையே விட்டுவிட்டு, கதை ஒரு கட்டத்தைக் கடந்ததும் எல்லாரும் ஒரு படி ஏறட்டும் என்று ஆட்டத்தை நடத்துபவர் அறிவிக்கும் முறை ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ ஐந்தாம் பதிப்பின் 2014 நூல்களில் ஒரு மாற்றுவழியாகத் தரப்பட்டு, இன்று பரவலாகக் கையாளப்படுகிறது. இது கூலியை ஒழிக்கிறது. ஆனால் உயர்வை முழுவதும் ஒருவரின் விருப்பத்துக்கு விட்டுவிடுவதால், ஏன் இப்போது, ஏன் இவர்களுக்கு என்ற கேள்விக்கு விடையே இல்லாமற்போகிறது. கடவுள் தேர்ந்தவருக்கே மீட்பு என்ற கோட்பாட்டை ஏற்ற இறையியலாளர் எதிர்கொண்ட இடரும் இதுவே.

பெண்ட்ராகனை நோக்கி எழும் கடைசி எதிர்ப்பு, பகடையால் ஆடுபவரின் விருப்பத்தை மீறுவது சுதந்திரத்தைப் பறிப்பதாகும் என்பது. அவரைக் கட்டுவது அவரே முன்பு செய்தவை என்பது இதற்குப் பெருமளவு விடையாகும், முழு விடை ஆகாது. ஏனெனில் தொடக்க எண்கள் அவர் செய்தவை அல்ல, சமயமும் குடியும் வளர்ப்பும் தந்தவை. அரிஸ்டாட்டில் இப்படிப் பிறப்பிலேயே அமைந்த சாய்வை இயற்கைப் பண்பு என்று பிரித்து, நடைமுறை விவேகம் சேராதவரை அது பார்வையற்ற வலிய உடல்போலத் தடுக்கி விழும் என்கிறார். அவருக்கு விவேகம் மற்றப் பண்புகளை எல்லாம் ஒழுங்குபடுத்துவது. ஸ்டாஃபோர்டின் தாளிலோ அது பதின்மூன்றில் ஓர் இணை. கருணை 16-ம் நேர்மை 16-ம் ஒரே சூழலில் எதிரெதிர்த் திசையில் இழுக்கும்போது எதை முதலில் கேட்பது என்று சொல்லும் எண் எதுவும் தாளில் இல்லை, அந்த வேலை மேசையில் இருப்பவரிடமே விடப்பட்டிருக்கிறது. அவரிடம் அது வளர்கிறது என்பதில் ஐயமில்லை: பல ஆண்டுகள் ஆடியவர் முதற்படி மாந்தர் ஒருவரைப் புதிதாக எடுத்துக்கொண்டாலும், எந்தக் கதவைத் தட்ட வேண்டும், யாரிடம் வாக்குக் கொடுக்கக் கூடாது என்று அறிந்தே ஆடுவார். அதற்கான எண் தாளில் இல்லை என்பதால், அதை வாங்கவோ பறிக்கவோ எந்த அட்டவணையாலும் இதுவரை முடிந்ததில்லை.